வரிக்குதிரை பூட்டிய ஏர்

சர்க்கஸ் என்று சொன்னதும் என் வயதுக்காரர்களான நீங்கள் ஊஞ்சல் விட்டு ஊஞ்சல் தாவிய பெண்களைப் பற்றிப் பேசுவீர்கள். மரக்கிணற்றுக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டியவனைச் சொல்வீர்கள். எனக்கு முதலில் வருவது வாடை. சிங்க மூத்திரமும் பழைய கறியும் மரத்தூளும் கலந்த வாடை. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் அது திருக்காட்டுப்பள்ளிச் சந்தைத் திடலைத் தாண்டி எங்கள் தெருவரை வரும். முதல் நாள் அது வந்தபோது கொட்டகையில் எங்கள் மாடுகள் வைக்கோலைத் தொடவில்லை. பிறந்ததிலிருந்து சிங்கத்தையே பார்க்காத மாட்டுக்கு இது சிங்கம் என்று யார் சொன்னது என்று அம்மா கேட்டாள்.

சித்திரையில் வந்த சர்க்கஸ் ஆடி பிறந்தும் போகவில்லை. சின்ன சர்க்கஸ். ஒரு யானை, விலா எலும்பு தெரிகிற சில சிங்கங்கள், ஒரு சிம்பன்சி, ஒரு வரிக்குதிரை. யானையைத் தவிர எதுவும் நம் பக்கத்தது இல்லை. காய்ந்து கிடந்த காவிரி மணலில் ஊற்றுத் தோண்டி, அந்தத் தண்ணீரை வாளியில் மொண்டு மிருகங்களைக் குளிப்பாட்டுவார்கள். பள்ளிக்கூடம் திறந்த பிறகும் நான் அந்த மணலில்தான் கிடந்தேன். எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஏற்கெனவே பெரிய ஒட்டுதல் இல்லை.

சிம்பன்சிக்குப் பூப்போட்ட கவுன் மாட்டியிருப்பார்கள். அது பீடி பிடிக்கும். சிரிக்கச் சொன்னால் சிரிக்கும். சிரித்தபோது பார்த்தேன், வாயில் ஒரு பல்கூட இல்லை. கிழடாகிவிட்டதா என்று மிருகங்களைப் பார்த்துக்கொள்கிறவரிடம் கேட்டேன். தலைச்சேரிப் பக்கத்து ஆள் அவர்.

"வயசெல்லாம் ஒண்ணும் ஆகல. பல்லு இருந்தா கடிக்கும்ல. பிடுங்கியாச்சு" என்றார். மாட்டுக்கு உண்ணி எடுத்ததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

தெருநாயைப் பிடித்துக்கொண்டு போகிற பையன்களை டிக்கெட் இல்லாமல் ஆட்டம் பார்க்க விட்டார்கள். அந்தக் கோடையில் எங்கள் தெருவில் குரைக்கிற சத்தம் குறைந்துபோனது. நாய் எங்கே போகிறது என்று பெரியவர்கள் கேட்கவில்லை. வெறிநாய்த் தொல்லை விட்டது என்றார்கள்.

எங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. மிராசுதாரின் நிலத்தில் ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு துண்டை அப்பா குத்தகைக்குச் சாகுபடி செய்தார். எங்கள் பக்கத்தில் அன்றைக்கு ஒரு ஏற்பாடு இருந்தது. சொந்த ஏர் வைத்திருப்பவனுக்குத்தான் குத்தகை. ஏர் என்றால் கலப்பையும் ஒரு ஜோடி மாடும். ஜோடியில் ஒன்று போய்விட்டால் அவன் குத்தகைக்காரன் இல்லை, கூலிக்காரன். டிராக்டர் வந்த பிறகு இதெல்லாம் யாருக்கும் நினைவில்லை. ஆனால் அந்த ஒரு மாட்டில் ஒரு குடும்பத்தின் சாப்பாடு நின்றது.

ஆற்றில் தண்ணீர் வந்த வாரம், ஏரில் வலப்பக்கம் பூட்டுகிற எங்கள் வலத்து மாடு மதகுப் பலகையில் கால் வழுக்கி விழுந்தது. முன்னங்கால் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அந்த எலும்பைப் பார்த்தார். தொடவில்லை. இரண்டாம் நாளே மிராசுதாரின் காரியக்காரர் சைக்கிளில் வந்து நின்றார். பண்ணை நிலத்தில் யார் உழுவது, யார் உழக்கூடாது என்பதெல்லாம் அவர் வாயில் இருந்தது.

"என்னப்பா, ஒத்த மாட்ட வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போற?"

"பாத்துக்கிறேங்க."

"எப்ப பாத்துக்குவ? வாய்க்கால்ல தண்ணி ஓடுது. ஆடி முடியறதுக்குள்ள உழவு ஓடணும். இல்லன்னா ஐயா வேற ஆள வச்சுக்குவாரு. எனக்கு உன் மேல கோவம் ஒண்ணும் இல்ல, தெரிஞ்சுக்க."

மாடு இரவல் வாங்க அப்பா நாலு வீடு ஏறி இறங்கினார். தண்ணீர் வந்த வாரத்தில் மாடு கேட்பது, பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனிடம் இலையைக் கேட்கிற மாதிரி. எல்லார் ஏரும் அவரவர் வயலில் இருந்தது.

அதே வாரம் ஆடிக்காற்றில் சர்க்கஸ் கூடாரம் நடுவில் கிழிந்தது. ஆட்டம் நின்றது. மிருகம் பார்க்கிறவர் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். எந்த ஊரில் எந்த மாட்டுக்குக் கால் ஒடிந்தது என்பது அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும் போலிருக்கிறது.

"சிங்கமெல்லாம் பட்டினி. மாட்டக் குடுங்க. பதிலுக்கு ஒரு மிருகம் தரேன்" என்றார்.

"என்ன மிருகம்?"

"வரிக்குதிர. நல்ல பலம் உண்டு. உங்க மாடு ரெண்டுக்கும் உள்ள பலம் அது ஒண்ணுக்கே உண்டு."

"உழுமா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "உழுதத நான் பாத்ததில்ல. உழாதுன்னும் யாரும் சொன்னதில்ல."

அது ஒரு வித்தைக்காரனின் இரண்டு விரல்களைக் கடித்து எடுத்திருந்தது. வளையத்துக்குள் ஒருநாள்கூட ஓடியதில்லை. லாரியில் இடம் இல்லாததால் வழியில் எங்காவது தள்ளிவிட்டுப் போகத்தான் அவர்கள் நினைத்திருந்தார்கள். இதெல்லாம் சர்க்கஸ் ஊரைவிட்டுப் போன பிறகு எங்களுக்கு வந்த செய்தி.

மாட்டை நானும் அப்பாவும் நடத்திக்கொண்டு போனோம். மூன்று காலில் அது திடல்வரை வந்தது. பொங்கலுக்கு அடித்த நீல வர்ணம் கொம்பில் பாதி உரிந்திருந்தது. கூடாரத்துக்குப் பின்னால் போனதும் அப்பா அதன் மூக்கணாங்கயிற்றை அறுத்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். கோடாலியின் பின்பக்கத்தால் ஒரே அடி. அடித்தவர் கைதேர்ந்தவர். கறியை அறுக்கத் தொடங்கியபோதே கூண்டுகளில் சிங்கங்கள் எழுந்து சுற்றிச் சுற்றி நடந்தன. ஒன்று தன் கூண்டுக் கம்பியை நக்கியது. எங்கள் மாட்டின் தொடையைத்தான் முதலில் உள்ளே தள்ளினார்கள். அந்தத் தொடையில் தார்க்குச்சி குத்திய பழைய வடு இருந்தது. எனக்கு அது தெரியும். நான் குத்தியதுதான்.

வரிக்குதிரையின் தலையிலும் பின்னங்காலிலும் கயிறு போட்டு, முன்னால் இருவர் பின்னால் இருவராக இழுத்து வந்தோம். வாசலில் நின்ற அம்மா அதை மேலும் கீழும் பார்த்தாள்.

"மாட்டக் குடுத்துட்டுக் கோடு போட்ட கழுதைய ஓட்டிக்கிட்டு வந்திருக்கீங்களா?"

"கழுத இல்லடி. குதிர."

"குதிரயா? அப்ப நாளைலேர்ந்து நீங்கதான் ஐயனாரு. ஊருக்கு வெளில போயி உக்காருங்க."

ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. அடுத்த வயல்காரர் அப்பாவை மாமா என்று கூப்பிடுகிறவர். "பெயிண்டு இன்னும் காயல போலருக்கே மாமா" என்று சொல்லிக்கொண்டே அதன் முதுகில் கை வைத்தார். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்னங்கால் வந்த வேகத்தில் அவர் எருக்குழியில் போய் உட்கார்ந்தார். சிரித்துச் சிரித்து எல்லாருக்கும் வயிறு வலித்தது. அப்பாவுக்கு மட்டும் சந்தோஷம் வேறு மாதிரி. "பலத்தப் பாத்தீங்கள்ல?" என்றார். கையால் எதையோ அளந்து பார்க்கிற மாதிரி அதன் மார்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலையில் கொட்டகையில் ஒரு காட்சி. மிச்சமிருந்த எங்கள் இடத்து மாட்டின் முதுகில் வரிக்குதிரை தன் தாடையை வைத்து நின்றுகொண்டிருந்தது. மாடும் அசையவில்லை. அப்பா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாத்தியாடா, ஜோடி சேந்துட்டு. இனிமே பூட்டிரலாம்."

நான் போர்வெல் ரிக் வண்டியோடு தான்சானியாவுக்குப் போனது என் நாற்பதாவது வயதுக்குப் பிறகு. துளை போட்டுத் தண்ணீர் வராத ஒரு பொட்டல்வெளியில் எங்கள் வண்டி பழுதாகி நின்றது. காய்ந்த புல்வெளி முழுக்க வரிக்குதிரைகள். இரண்டிரண்டாக எதிரும் புதிருமாக நின்று, ஒன்றின் முதுகில் மற்றொன்று தாடையை வைத்திருந்தன. எதற்கு இப்படி நிற்கின்றன என்று எங்கள் வண்டியில் வேலை செய்த உள்ளூர்க்காரனிடம் கேட்டேன். சிங்கத்துக்குத்தான் என்றான். உன் பின்பக்கத்தை நான் பார்க்கிறேன், என் பின்பக்கத்தை நீ பார். அப்போதுதான் எங்கள் கொட்டகை நினைவுக்கு வந்தது. அங்கிருந்து கேட்கிற தூரத்தில்தான் திடல். சிங்கங்கள் எங்கள் மாட்டைத் தின்று முடித்துவிட்டு உறுமுவது கொட்டகைக்குக் கேட்கும். வரிக்குதிரை எங்கள் மாட்டைக் காவலுக்குக் கூப்பிட்டிருக்கிறது. ஏருக்கு ஒப்புக்கொண்டதாக அப்பா நினைத்தார்.

கன்றுக்கு மூக்குக் குத்துவதற்குச் சுற்றுப்பட்டில் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். கூலி வாங்கமாட்டார். வெற்றிலை பாக்கு வைத்தால் போதும். விரலை மூக்குக்குள் விட்டு, நடுத்தண்டில் மெல்லிய இடம் எது என்று தடவிப் பார்த்து, விளக்கெண்ணெய் தடவிய ஊசியை ஒரே மூச்சில் செலுத்திக் கயிற்றைக் கோத்துவிடுவார். பெரும்பாலும் கன்று கத்துவதற்குள் வேலை முடிந்துவிடும். ரத்தம் வந்தால் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துத் துணியில் தோய்த்து மூக்கில் அடைத்துவிடுவார். மாடு நாக்கை நீட்டி மூக்குத் துவாரத்தைத் தானே நக்கித் துடைத்துக்கொள்ளும். துணி மறுநாள் தானாக விழுந்துவிடும். இப்படித்தான் அவருக்கு மிருகங்களைத் தெரியும்.

தலையில் மட்டும் கயிறு கட்டி வரிக்குதிரையை ஏரில் திருப்ப முடியாது. மூக்குக் குத்தாமல் முடியாது என்று எல்லாரும் சொன்னார்கள். சொல்லாமலே அப்பாவுக்குத் தெரியும். கால்களைக் கட்டி வைக்கோல் மேல் சாய்த்தோம். அடுத்த வயல்காரர் கழுத்தில் உட்கார்ந்தார். நான் வாலைப் பிடித்துக்கொண்டேன்.

அப்பா விரலை விட்டுத் தடவினார். "இதுக்கு மூக்கு ஆழமா இருக்கே" என்றார்.

"குத்துங்க மாமா, என்னால ரொம்ப நேரம் இத அமுக்க முடியாது."

குத்தினார். மாட்டுக்கு ஒரு கரண்டி ரத்தம்கூட வராது. இதற்கு இரண்டு மூக்கிலிருந்தும் குழாயைத் திறந்த மாதிரி வந்தது. அப்பாவின் முழங்கைவரை சிவப்பு. அவர் பதறவில்லை. இடுப்பிலிருந்து அந்தப் பழைய மூக்கணாங்கயிற்றை எடுத்துக் கோத்து, காதுக்குப் பின்னால் இழுத்து முடிந்தார். பிறகு மஞ்சள் சுண்ணாம்புத் துணியை இரண்டு பக்கமும் விரலால் தள்ளித் தள்ளி அடைத்தார். ரத்தம் நின்றது. துணியைச் சுற்றி நூல் அளவுக்கு ஏதோ ஒரு வழியில் காற்று போய் வந்தது. சீழ்க்கை மாதிரி ஒரு சத்தம்.

"நக்கித் துடைச்சுக்கும்" என்றார் அப்பா.

அது நக்கவில்லை. அதன் நாக்கு மூக்குவரை எட்டாது. மறுநாள் மூக்கு இரண்டு மடங்கு வீங்கியிருந்தது. தண்ணீர்த் தொட்டியில் வாயை வைக்கும், எடுத்துவிடும். துணியை எடுக்க அப்பா கையைக் கொண்டுபோனபோது புறங்கையைக் கடித்தது. பல் எலும்புவரை போயிருந்தது. அதற்குப் பிறகு துணியை எடுக்க யாரும் போகவில்லை. அம்மா மட்டும் தூர நின்று, "ஏங்க, ரெண்டு நாள் பொறுத்துப் பூட்டுங்களேன். அதுக்கு மூச்சு வாங்குது" என்றாள்.

"நாளு இல்லடி" என்றார் அப்பா. உண்மைதான். காரியக்காரர் காலையில்தான் வந்து வேறொரு ஆளின் பெயரைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பூட்டிய அன்று கரையெங்கும் ஆட்கள். நடவுக்கு நாற்று விட்டிருந்த பெண்கள்கூட வந்துவிட்டார்கள். டீக்கடைக்காரர் கேத்தலோடு வந்தார். மாட்டுக்குத் திமில் இருக்கிறது, நுகத்தடி அதில் உட்காரும். இதற்குத் திமில் இல்லை. அப்பா சாக்கில் வைக்கோலைத் திணித்துக் கழுத்தில் கட்டி, அதன் மேல் நுகத்தடியை வைத்து, கழன்று போகாமல் பூட்டாங்கயிற்றை இறுக்கினார். கடிபட்ட கையில் துணி சுற்றியிருந்தார். காரியக்காரர் சைக்கிளை வரப்பில் சாய்த்துவிட்டு வந்து நின்றார். அப்பா அவரைப் பார்த்த பிறகுதான் "ஹை" என்றார்.

நடந்தது. இதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆனால் நடந்தது. சேற்றில் கால் புதைந்து புதைந்து எங்கள் மாட்டோடு வயலின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரு சால் முழுக்கப் போனது. கரையில் கைதட்டினார்கள். ஒருத்தர் துண்டைச் சுழற்றினார். காரியக்காரர்கூட, "அட" என்றார். அப்பா கலப்பை மேழியைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தை அப்படி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

திரும்புகிற மூலையில் அது நின்றுவிட்டது. சாக்கு நழுவி, நுகத்தடி கழுத்தைத் தேய்த்து ஒரு கை அகலத்துக்கு மயிரும் மேல்தோலும் போயிருந்தது. விலா மட்டும் உள்ளே வெளியே போய் வந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றது. களைத்தால் மாடு வாயைத் திறந்து நுரை தள்ளும். இது வாயைத் திறக்காததால் இதற்குக் களைப்பு இல்லை, பிடிவாதம் என்று எல்லாருக்கும் தோன்றியது.

"திமிரப் பாரு. வால முறுக்குங்க மாமா."

வாலை முறுக்கினார். அசையவில்லை. தார்க்குச்சியால் குத்தினார். முன்னங்கால் மடிந்து சேற்றில் உட்கார்ந்தது. படுத்துவிடும் மாட்டை எழுப்ப எங்கள் பக்கத்தில் வழிகள் உண்டு. ஒருவர் காய்ந்த மிளகாய்க்கு ஆள் அனுப்பினார். இன்னொருவர் வைக்கோல் பிரியைக் கொளுத்தி வாலடியில் காட்டினார். மயிர் கருகுகிற நாற்றம் வந்தது. அது எழுந்தது. எழுந்து இரண்டு அடி வைத்தது. பின்பு பக்கவாட்டில் விழுந்தது. நுகத்தடியில் கட்டியிருந்ததால் எங்கள் மாட்டின் கழுத்தும் சேர்ந்து சேற்றுக்கு இழுபட்டது. மூக்குத் துணிகள் சேற்றோடு உள்ளே இழுபட்டு நின்றன. சீழ்க்கைச் சத்தம் நின்றது. கால்கள் மட்டும் கொஞ்ச நேரம் ஓடின. படுத்தபடியே ஓடின. யாரோ சிரித்தார்கள்.

பம்பாய்க் கடற்கரையில் சவாரிக் குதிரைகளைக் குளிப்பாட்டுகிற வேலையில் ஒரு மழைக்காலம் இருந்தேன். குதிரை ஜாதிக்கு வாயால் மூச்சு விட வராது என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். மூக்கு அடைத்தால் செத்துப்போகும், வாயைத் திறக்கத் தெரியாது. அங்கே அது சின்னப் பையனுக்கும் தெரிந்த விஷயம். எங்கள் கரையில் நின்ற அத்தனை பேரும் பிறந்ததிலிருந்து மிருகங்களோடு வாழ்ந்தவர்கள். ஒருவருக்கும் தெரியாது. மாட்டை அவ்வளவு நன்றாகத் தெரிந்ததால் மற்ற எதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

கூட்டம் கலைவதற்குள் வால் மயிரைப் பிடுங்கிக்கொண்டார்கள். குழந்தைக்குக் கையில் கட்டினால் பயம் தெளியும் என்று யாரோ சொன்னார்கள். காரியக்காரர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தோலு நல்லா இருக்கு. ஐயாவுக்கு இந்த மாதிரி சாமானெல்லாம் ஆசை. உரிச்சு உப்புப் போட்டுக் குடு. நான் ஒரு வார்த்த சொல்லிப் பாக்குறேன்."

அந்த ஒரு வார்த்தைக்காக அப்பா தோலைத் தானே உரித்தார். கடிபட்ட கையோடு உரித்தார். உப்புத் தடவி, நிழலில் விரித்து, ஈ மொய்க்காமல் நானும் அவரும் மாறி மாறி வேப்பிலையால் விசிறினோம். காய்ந்ததும் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு மிராசுதார் வீட்டுக்குப் போனார். அம்மா அன்று அவர் வரும்வரை உலை வைக்கவில்லை. திரும்பி வந்தபோது முகம் தெளிவாக இருந்தது. "ஐயாவே கையால வாங்கிக்கிட்டாரு" என்றார். அம்மா உலை வைத்தாள். மறுநாள் காலையில் நாங்கள் வயலுக்குப் போனால், வேறொருவரின் மாடுகள் அங்கே உழுதுகொண்டிருந்தன. அப்பா ஓட்டிய அந்த ஒரு சால்கூட மிஞ்சவில்லை, அதன் மேலேயே மறுபடி உழுதிருந்தார்கள்.

மிச்ச மாட்டை அப்பா விற்றார். எனக்குப் பள்ளிக்கூடம் நின்றது. அதே வயலில் மூன்று பேரும் கூலிக்குப் போனோம். தை மாதம் அறுவடை முடிந்து கூலி நெல் வாங்க மிராசுதார் வீட்டு வாசலில் நின்றோம். கூடத்தில் ஏதோ பேச்சு. கும்பகோணத்திலிருந்து காரில் வந்த விருந்தாளி ஒருவர் சுவரில் அடித்திருந்த தோலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எங்க சித்தப்பா கென்யாவுல இருந்தப்ப சுட்டது" என்றார் மிராசுதார்.

"பிரமாதமான தோலு. கழுத்துல இது என்ன, இந்த இடத்துல மட்டும் மயிரே இல்ல? இங்கதான் குண்டு பட்டுதா?"

மிராசுதாருக்கு அது என்னவென்று தெரியாது. வாசலைப் பார்த்தார். அப்பாவைக் கண்டதும் உள்ளே வரச் சொல்லிக் கை காட்டினார். "நம்ம ஆளுதான், தோலப் பதம் பண்ணிக் குடுத்தது. ஏம்ப்பா, அது குண்டு பட்ட எடந்தானே?"

அப்பா கூடத்துக்குள் போனார். சேற்றுக்கால் தரையில் படாமல் ஓரமாக நின்றார். தோலைப் பார்க்கவில்லை. தலையை ஆட்டினார்.

"ஆமாங்க. ஒரே குண்டுதாங்க" என்றார். "துடிச்சிருக்காது."